பொய் சொல்லாத மலையின் அடிவாரத்தில் மூன்று நாள்

முதல் நாள், வியாழன் இரவு

அம்மா டோக்கியோ வந்து இரண்டு வாரம் ஆகிறது. எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியைப் பார்த்த முதல் நாளே "என்னட்டி இது, பொணப்பெட்டி கணக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பக்கெட்டில் பிடித்துத்தான் குளிக்கிறாள். தென்காசிக்காரி. குற்றாலத்தில் தலைகொடுத்து வளர்ந்த உடம்பு, தொட்டிக்குள் எப்படி அடங்கும்?

"வெந்நீர் ஊற்று இருக்கிற ஏரிக்குப் போவோமா, மூட்டுவலிக்கு நல்லதாம்" என்றேன். குற்றாலம் மாதிரியா என்று கேட்டாள். ஆமாம், ஆனால் சுடும் என்றேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டேன். அது கீழே வரும்.

வடக்குத் தீவான ஹொக்கைடோவின் சின் சிதோசே விமான நிலையத்திலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி மினாமி சிதோசே. அங்கே மாறி ஹொகுதோ எக்ஸ்பிரஸ். இடது பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள், கடல் கூடவே வரும். ஒன்றேகால் மணி நேரம் போலப் போனால் தோயா என்ற சின்ன ஸ்டேஷன். அங்கிருந்து பஸ் மேடேறி ஒரு திருப்பத்தில் திரும்பியதும் கீழே மொத்த ஏரியும் தெரிந்தது. அம்மா கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். அவள் கைப்பையை விட்டுக் கொடுத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

தோயா ஏரி என்பது எரிமலை வெடித்து உள்ளே இறங்கிய பள்ளம். வெடித்தது ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வருஷத்துக்கு முன். ஏரி கிட்டத்தட்ட வட்டம், குறுக்கே 10 கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 180 மீட்டர் வரை. நடுவில் நாகாஜிமா என்ற தீவு, காடு மூடிய மலைகளாகவே நிற்கிறது. குளிர்காலத்திலும் ஏரி உறைவதில்லை. ஏரியின் மேற்குப் பக்கத்து மலை உச்சியில் ஒரு பெரிய ஓட்டல் உட்கார்ந்திருக்கிறது. 2008 ஜூலையில் ஜி8 மாநாடு நடந்தது அங்கேதான். "மன்மோகன் சிங் வந்தாரே, அந்த எடமா?" என்றாள் அம்மா. அவர்தான். அம்மா செய்தித்தாள் படிக்கிற வேகத்துக்கு நானெல்லாம் ஈடாக மாட்டேன்.

நாங்கள் தங்கியிருப்பது அந்த ஓட்டல் இல்லை, தெற்குக் கரையில் வரிசையாக நிற்கும் வெந்நீர் விடுதிகளில் ஒன்று. எழுபதுகளின் கட்டடம், மங்கிய தரைவிரிப்பு, ஆனால் எல்லா அறையும் ஏரியைப் பார்த்தபடி. சாவி வாங்கும்போதுதான் சிக்கல். கவுண்டரில் இருந்த பெண் மிகவும் தயங்கி, தலையை இரண்டு முறை குனிந்துவிட்டு, அம்மாவின் இடது முழங்கையைக் காட்டினாள். பச்சை.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதில் குத்தியது. ஒரு சின்னக் கோலம், அதன் கீழே மூன்று புள்ளி. ஊருக்குப் பச்சை குத்த வந்த கிழவி விளக்குக் கரியில் ஏதோ இலைச்சாறு கலந்து குத்தினாளாம், கூலியாக அரைப்படி நெல். ஐம்பது வருஷத்தில் அது பச்சையும் இல்லை நீலமும் இல்லை, தோலோடு தோலாகப் போய்விட்டது. நானே மறந்துவிட்டேன். ஜப்பானில் பொதுக் குளியல் இடங்கள் பலவற்றில் உடம்பில் பச்சை இருந்தால் அனுமதி கிடையாது. யகுசா ரவுடிகளைத் தள்ளிவைக்க வந்த வழக்கம், இப்போது எல்லார் மேலும் விழுகிறது. 2013-இல் இதே ஹொக்கைடோவில், முகத்தில் தன் இனத்துப் பச்சை குத்திய நியூஸிலாந்து மாவோரிப் பெண்மணி ஒருவரை ஒரு குளியல் இடத்தில் திருப்பி அனுப்பி, அது பெரிய செய்தியானது. அவர் வந்திருந்தது ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் மொழியைக் காப்பது பற்றிய கூட்டம் ஒன்றுக்கு.

எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தப் பெண் தோல் நிறத்தில் இரண்டு ஸ்டிக்கர் கொடுத்தாள். ஒட்டி மறைத்துக்கொண்டால் போதும். ஆனால் அது ஜப்பானியத் தோலின் நிறம். அம்மாவின் கையில் ஒட்டிப் பார்த்தால் கறுப்புப் பலகையில் சுண்ணாம்பு தடவின மாதிரி இருக்கிறது. மறைக்க ஒட்டியது இப்போது பத்தடி தூரத்திலிருந்து தெரிகிறது.

அப்புறம் நான் சொல்லாமல் விட்ட விஷயம். குளியலறை வாசலில் சிவப்புத் திரை பெண்களுக்கு, நீலம் ஆண்களுக்கு. உள்ளே போனால் ஒட்டுத்துணி கூடாது. தொட்டிக்கு வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவிக்கொண்டு அதன்பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும். கையிலிருக்கும் சிறு துண்டுகூட நீரில் படக் கூடாது. அம்மா திரைவரை வந்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், திரும்பி அறைக்கு நடந்தாள்.

"பாவாடையோட எறங்கலாம்னா கூப்பிடு."

இறங்க முடியாது. நான் மட்டும் குளித்தேன். குற்ற உணர்ச்சியில் சரியாக வேகவில்லை.

சாப்பாடு: சைவம் என்று முன்பே எழுதியிருந்தேன். ஜப்பானில் சைவம் என்றால் கண்ணுக்குத் தெரியாத மீன் இருக்கும். கத்சுவோபுஷி என்று மீனைக் காயவைத்துச் சீவிய தூள்தான் சாறுக்கெல்லாம் அடிப்படை. இங்கே கொம்பு என்ற கடற்பாசியை மட்டும் போட்டுச் சாறு எடுத்து, அதில் தோஃபு, காளான், பரங்கிக்காய் போட்டுச் சின்ன அடுப்போடு மேசையில் வைத்தார்கள். ஹொக்கைடோ கொம்புக்குப் பெயர்போன இடம். எனக்கு மிகவும் பிடித்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "காய் வேகவச்ச தண்ணியக் கொட்ட மறந்துட்டாங்க போல" என்றாள். பிறகு கைப்பையிலிருந்து பருப்புப் பொடி டப்பா வெளியே வந்தது. சோறு மட்டும் மூன்று கிண்ணம் கேட்டு வாங்கினாள்.

எட்டே முக்காலுக்கு வாணவேடிக்கை. ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிவரை தினமும் ராத்திரி இருபது நிமிஷம். 1982-இலிருந்து நடக்கிறது. படகு ஏரியில் நகர்ந்துகொண்டே வெடிக்கிறது, எந்த விடுதிக்காரனும் எனக்குத் தெரியவில்லை என்று சண்டைக்கு வர முடியாது. ஒவ்வொரு வெடிக்கும் மலையில் மோதி ஒரு எதிர்வெடி. "எரிமலைப் பக்கத்துல நின்னு வெடி போடுறானுக பாரு" என்றாள் அம்மா. அப்போதுதான் கவனித்தேன், நம் விடுதிக்கு நேர் பின்னாலேயே உசு என்ற எரிமலை நிற்பதை அவளிடம் யார் சொன்னார்கள்? லிஃப்டில் ஒட்டியிருந்த வரைபடம். சிவப்பு வட்டத்துக்குள் நாங்கள் இருக்கிறோம்.

இரண்டாம் நாள், வெள்ளி

காலை நான்கரைக்கு அம்மா எழுப்பினாள். "இப்போ யாரும் இருக்க மாட்டாங்கல்ல?"

யுகாதா என்ற பருத்தி அங்கி உடுத்தினோம். அவள் வலது பக்கத்தை மேலே போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். இடதுதான் மேலே வர வேண்டும், மாற்றிப் போட்டால் இறந்தவர்களுக்கு உடுத்துகிற முறை என்று திருத்தினேன். "தொட்டியும் பொணப்பெட்டி, துணியும் பொணத்துக்கா? நல்ல ஊரு" என்றாள்.

உள்ளே யாருமில்லை. நான் திரும்பிக்கொண்டேன், அவளும் திரும்பிக்கொண்டாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் என்னை இடுப்பில் வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டியவள் முன்னால் எனக்கு ஏன் அவ்வளவு கூச்சம் என்று தெரியவில்லை. பெரிய தொட்டி, சன்னல் முழுக்க ஏரி, இருட்டில் நாகாஜிமா மட்டும் ஒரு கறுப்புத் திட்டு. தண்ணீர் நாற்பத்திரண்டு டிகிரி. அம்மா ஒவ்வொரு படியாக "அம்மாடி, அம்மாடி" என்று இறங்கிக் கழுத்துவரை போய் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா ஐந்து நிமிஷம் பேசாமலிருந்து நான் பார்த்ததில்லை.

அப்போது ஒரு பாட்டி வந்தார். எண்பது இருக்கும். முழங்காலில் நீளமான ஆபரேஷன் தழும்பு. துண்டை மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு இறங்கி எங்களைப் பார்த்துக் குனிந்தார். அம்மா உடனே தன் துண்டையும் மடித்துத் தலையில் வைத்துக்கொண்டாள். பாட்டி தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி முகத்தைச் சுளித்தார். அம்மா தண்ணீருக்கு மேலே தன் காலைத் தூக்கிக் காட்டி இன்னும் மோசமாகச் சுளித்தாள். சின்னப் போட்டி. அம்மாதான் ஜெயித்தாள்.

இந்தச் சமயத்தில் ஸ்டிக்கர் கழன்றுவிட்டது. வெந்நீரில் பசை நிற்குமா? ஒரு வெள்ளைச் சதுரம் ஆடி ஆடி மிதந்து பாட்டியின் பக்கம் போயிற்று. எனக்கு உயிரே போய்விட்டது. பாட்டி அதை எடுத்துப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார். பிறகு விசிட்டிங் கார்டு கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துத் தலைகுனிந்து நீட்டினார். அம்மாவும் இரண்டு கையாலும் வாங்கினாள். "கிரெய் தெஸு நே" என்றார் பாட்டி, தன் முழங்கையிலேயே கோலத்தை விரலால் வரைந்து காட்டி. அழகாக இருக்கிறது என்றார். மொழிபெயர்த்தேன். "ஒங்கப்பா ஒரு நாளும் சொன்னதில்ல" என்றாள் அம்மா.

சூரியன் வரும்போது நாங்கள் மூவரும் வேகவைத்த கிழங்கு மாதிரி இருந்தோம்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொன்பிரா என்ற எரிமலைவாய்ப் பள்ளங்கள். விடுதித் தெருவிலிருந்து பத்து நிமிஷ நடை, அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்கு இந்தப் பயணத்தின் மையம். கடை, கடை, தபால் பெட்டி, திடீரென்று ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று, அதன் கீழ்த்தளம் மண்ணுக்குள். அதன்மேல் மோதி நின்ற ஒரு நெடுஞ்சாலைப் பாலம் இரும்பும் கம்பியுமாக அங்கேயே கிடக்கிறது. எரிமலைச் சேறு பாலத்தைப் பெயர்த்துச் சுமந்து வந்து இங்கே போட்டிருக்கிறது. பக்கத்தில் ஊர்ப் பொதுக் குளியலறை, அதுவும் சேற்றில் புதைந்தபடி. இடிக்கவில்லை, பழுது பார்க்கவும் இல்லை. பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

மலை வெடிக்கத் தொடங்கியது 2000-ஆம் வருஷம் மார்ச் 31, பகல் ஒரு மணிக்கு. ஆனால் செத்தவர் ஒருவரும் இல்லை. மார்ச் 27-இலிருந்தே சின்னச் சின்ன நில அதிர்வுகள். 29-ஆம் தேதியே ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனம் வெளியேறியது. மலை வெடித்தபோது விடுதிகள் எல்லாம் காலி. உசுவுக்கு இங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு: பொய் சொல்லாத மலை. வெடிக்கும் முன் நிலத்தை ஆட்டித் தகவல் சொல்லிவிடும். அபாயப் பகுதி வரைபடத்தை 1995-லேயே அச்சிட்டு ஊருக்குக் கொடுத்திருந்தார்கள். சுற்றுலா ஊர் ஒன்று, இங்கே எரிமலை வெடிக்கும் என்று தானே நோட்டீஸ் அடிப்பது எத்தனை கஷ்டமான முடிவு! நம் ஊராக இருந்தால் லாட்ஜ் சங்கம் கடையடைப்பு நடத்தியிருக்கும்.

எப்போதும் இப்படித் தப்பித்ததும் இல்லை. 1822-இல் எரிமேகம் கடற்கரைக் கிராமத்தின் மேல் இறங்கிப் பலரைக் கொன்றது. 1977-இல் வெடித்த சாம்பல் அடுத்த வருஷ மழையில் சேறாகி இறங்கி உயிர்களை வாங்கியது. அதிலிருந்து படித்த பாடம்தான் 2000.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1910, 1943, 1977, 2000. அம்மா போட்டாள். மலையைப் பார்த்தாள், ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்போ எப்ப வேணாலும் வரும்னு தெரிஞ்சேதான் இருக்காங்களா?"

இந்த ஊர் இருப்பதே அதனால்தான். 1910 வெடிப்புக்கு முன் இந்தக் கரையில் வெந்நீரே கிடையாது. அதற்குப் பிறகு நிலத்தடி நீர் சூடாகி, 1917-இல் ஏரிக்கரையில் ஊறுவதைக் கண்டார்கள். அதைக் கண்டவர்களில் ஒருவரான மிமாட்சு மசாவோவைப் பார்க்கத்தான் மத்தியானம் போனோம். சிலையாக நிற்கிறார், கையில் ஒரு அளவைக் கருவியோடு, ஷோவா சின்சான் என்ற மலைக்கு எதிரில்.

ஷோவா சின்சான் 1943-இல் கோதுமை வயல். அந்த டிசம்பரில் நிலம் அதிர ஆரம்பித்து, வயல் வீங்கி, 1945 செப்டம்பருக்குள் நாலு பனையளவு இல்லை, கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டரைத் தொடும் மலையாகிவிட்டது. சிவப்பு மலை. வயல் மண் உள்ளிருந்து வந்த பாறையின் சூட்டில் செங்கல்லாகச் சுட்டுப் போயிருக்கிறது. இன்னும் அங்கங்கே ஆவி. சூளை பார்த்து வளர்ந்தவர்களுக்கு நிறம் உடனே புரியும்.

அது போர்க்காலம். ஜனங்கள் பீதியடைவார்கள் என்று அரசாங்கம் விஷயத்தை அமுக்கிவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் நிலையாகத் தங்கிப் பார்க்கவும் முடியவில்லை, ஃபிலிமும் கிடைக்காத காலம். மிமாட்சு உள்ளூர் போஸ்ட் மாஸ்டர். தபால் நிலையத்துக்குப் பின்னால் கம்பங்கள் நட்டு, குறுக்கே நூல் கட்டி, தன் தலை ஆடாமல் ஒரே இடத்தில் வைத்து, நூலுக்கு மேலே மலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தொடர்ந்து வரைந்துகொண்டே வந்தார். ஒரு மலை பிறப்பதை முதலிலிருந்து கடைசிவரை பதிந்த அந்த வரைபடம் 1948-இல் ஆஸ்லோ மாநாட்டுக்குப் போய், மிமாட்சு வரைபடம் என்றே பெயர் பெற்றது. இதற்கெல்லாம் மேலே ஒன்று செய்தார்: 1946-இல் அந்த மலையையே விலைக்கு வாங்கினார். விவசாயிகளுக்கு வயல் போய்விட்டது, அவர்கள் கைக்கும் காசு, மலைக்கும் பாதுகாப்பு. இன்றும் அது தனியார் சொத்துதான்.

"பட்டா எந்தக் கணக்குல போட்டிருப்பாங்க, நஞ்சையா புஞ்சையா?" என்று அம்மா கேட்டாள். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் வேறென்ன கேட்பாள்.

மலையடிவாரத்தில் கரடிப் பண்ணை ஒன்றும் இருக்கிறது. போகவில்லை, சோகமாக இருக்கும்.

திரும்பும் வழியில் வகாசாஇமோ வாங்கினேன். சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரியே இருக்கும் இந்த ஊர் இனிப்பில் கிழங்கு துளியும் கிடையாது. குளிர்ப்பிரதேசத்தில் கிழங்கு சரியாக விளையாததால் வெள்ளை பீன்ஸ் விதையில் செய்து, நாருக்காகக் கொம்புப் பாசியைச் சன்னமாக நறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். "அவ்வளவு ஆசைன்னா ரயில்ல கெழங்கு வரவச்சுத் தின்னுட்டுப் போலாம்ல?" இருந்தாலும் பெட்டியில் இப்போது பாதிதான் மிச்சம். நான் தின்றது ஒன்று.

இரவு அம்மாவே என்னைக் குளிக்கக் கூப்பிட்டாள். நாளொன்றுக்கு மூன்று முறையாகிவிட்டது. இரண்டாவது ஸ்டிக்கரைப் பாட்டி அல்லாத மற்றவர்கள் முன்னால் பத்திரமாக ஒட்டிக்கொண்டு, கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவைத்தபடியே உட்கார்ந்திருந்தாள், பஸ்ஸில் கம்பி பிடிக்கிற மாதிரி.

மூன்றாம் நாள், சனி. ரயிலில்

காலையில் ஏரிக்கரையில் கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டி, கடைசியாக ஒரு முறை. தீவுக்குப் படகு போகிறது, மான்கள் உண்டு. அம்மாவுக்குப் படகு ஆகாது. சரி என்று பத்து மணி பஸ் பிடித்தோம்.

தோயா என்ற பெயர் ஐனு மொழியில் ஏரிக்கரை என்று பொருள். ஏரிக்கு அவர்கள் வைத்த பெயர் வேறு, கிமுன் தோ, மலை ஏரி. பின்னால் வந்தவர்கள் கரையின் பெயரையே ஏரிக்கும் வைத்துவிட்டார்கள். ஹொக்கைடோவே ஐனு மக்களின் மண்தான். அவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள் என்று ஜப்பான் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது 2008 ஜூனில், ஜி8 தலைவர்கள் இந்த ஏரிக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னால். ரயில் பாதையிலேயே ஷிராஓய் என்ற ஊரில் 2020-இல் திறந்த தேசிய ஐனு அருங்காட்சியகம், உபோபோய், இருக்கிறது. விமானம் சாயங்காலம்தான், இறங்கினோம்.

மரத்தைக் குடைந்த படகு, மீன்தோல் செருப்பு, மரப்பட்டை நாரில் நெய்த அங்கி. அம்மா நெசவைத் தொட்டுப் பார்க்க முடியாதா என்று காவலரைச் சைகையில் கேட்டு, முடியாது என்றதும் மனம் உடைந்தாள். அப்புறம் ஒரு பழைய புகைப்படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். வயதான பெண். வாயைச் சுற்றி, சிரிப்பு விரிந்தது போல, கருநீலப் பச்சை. புறங்கையிலிருந்து முழங்கைவரை கட்டம் கட்டமாக, பின்னல் பின்னலாக.

படித்துச் சொன்னேன். சிறுமியாக இருக்கும்போதே தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி, கல்யாண வயதுக்குள் முடிப்பார்களாம். பூர்ச்ச மரப்பட்டையை எரித்துச் சட்டியின் அடியில் படியும் கரி. 1871-இல் அரசாங்கம் தடை போட்டது.

"கரிதானா?" என்றாள். "கரிதான்."

தன் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். ஸ்டிக்கர் நேற்றே போய்விட்டது, பசை மட்டும் ஒரு சதுரமாக அழுக்குப் பிடித்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"இந்தம்மா அங்க குளிக்கப் போனா, எத்தன ஸ்டிக்கர் குடுப்பாங்க?"

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். இப்போது எதிர் சீட்டில் உட்கார்ந்து வகாசாஇமோ தின்கிறாள். சதுரம் இன்னும் போகவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டால் போகுமாம்.